உபதேசியார் ஜெயித்த வழக்கு

உபதேசியார் பெண்சாதியே அல்லேலூயா சபைக்குப் போகிறாள் என்ற செய்தி தோட்டம் முழுக்கப் பரவ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. "ஊருக்குத்தான் உபதேசம்" என்று குழாயடியில் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். உபதேசியார் கிறிஸ்தோபர் காதில் விழாதவர்போல வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். காது நன்றாகவே கேட்டது.

ரத்தோட்டைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது அந்தத் தேயிலைத் தோட்டம். அங்கே அந்தோனியாருக்கு ஒரு சின்னக் கோவில் உண்டு. மாத்தளையிலிருந்து பங்குச் சாமி மாதம் ஒரு தடவைதான் பூசை வைக்க வருவார். மற்ற நாட்களில் செபமாலை சொல்வது, சாவு வீட்டில் செபிப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது எல்லாம் கிறிஸ்தோபர்தான். சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும் உண்டு. அந்த மரியாதையில் மனிதர் கொஞ்சம் அதிகமாகவே ருசி கண்டிருந்தார்.

போன நவம்பர் கடைசியில் புயல் மழை கொட்டியபோது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனமெல்லாம் அந்தக் கோவிலுக்குள்தான் வந்து ஒண்டியது. இந்து, வேதக்காரர் என்ற பேதம் யாருக்கும் நினைவில் இல்லை. கிறிஸ்தோபர் இருமிக்கொண்டே பிரார்த்தனையைத் தொடங்கினார். அவருடைய ஒரே மகள் மதுஷிகா, மாத்தளைத் துணிக்கடையில் வேலை பார்ப்பவள், லீவில் வந்திருந்தாள். "அப்பாவுக்குப் போர்வை எடுத்துட்டு ஓடியாந்திர்றேன்" என்று போனாள். உள்ளே எல்லாரும் அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே மலை சரிந்து லயத்தின் மேல் விழுந்தது. கோவிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மதுஷிகாவை மண்ணைத் தோண்டித்தான் எடுத்தார்கள். போர்வை அவள் கையில் இருந்தது.

அதன் பிறகு புருஷனும் பெண்சாதியும் மைதானத்து ஓரத்தில் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டிலில் இருந்தார்கள். சவரியம்மா தூங்கவில்லை, சாப்பிடவில்லை, கொழுந்து எடுக்கப் போகவில்லை. சாமி வந்து ஆறுதல் சொன்னார். பக்கத்துக் கொட்டில் அழகம்மா கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் சபைப் பாஸ்டர் பிரதீஷ் வந்தான். இளம் வயது, சாதுவான முகம். அரிசியும் பருப்பும் கொண்டுவந்தவன், அவள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அம்மா, புனிதர்மாரெல்லாம் செத்துப்போன மனுஷங்கதான். அவங்க தூங்குறாங்க. நீங்க அன்னைக்குக் கூப்பிட்டது அவங்க யாருக்குமே கேட்டிருக்காது."

அன்றைக்குத்தான் சவரியம்மா தூங்கினாள். அடுத்த ஞாயிறு சபைக்குப் போனாள்.

"எதுக்குடி அங்க போற?" என்று கிறிஸ்தோபர் கத்தியபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "அங்க போயிட்டு வந்தா தூக்கம் வருதுங்க." ஏன் வருகிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆயுள் முழுக்கப் பதில் சொல்லியே பழகிய வாய், கேள்வி கேட்க அதற்கு வரவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அவருக்கும் ஒரு பயம் இருந்தது. தினமும் காலையில் சரிந்த மண்மேட்டுப் பக்கம் போய் நின்று மகளோடு பேசிக்கொண்டிருந்தார். மழை விட்டுவிட்டது, அம்மா இன்றைக்குச் சாப்பிட்டாள், இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள். அந்தோனியாருக்கே கேட்காது என்றால் மதுஷிகாவுக்கும் கேட்காது. அப்படியானால் அவர் வெறும் மண்ணோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அதை அவரால் தாங்க முடியாது. அதனால் அந்தப் பொடியனை வேதத்தை வைத்தே மடக்குவது என்று முடிவு கட்டினார்.

மாத்தளைக்குப் போய்ச் சாமியிடம் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வேதாகமத்தைப் படித்தார். பிரதீஷ் அடுத்த தடவை வந்தபோது, "தம்பி உக்காருங்க. சவரி, நீயும் உக்காரு" என்று பாயை விரித்தார்.

பிரதீஷ் பணிவாகத்தான் பேசினான். "கடவுளுக்கும் மனுஷருக்கும் நடுவுல இயேசு ஒருத்தர்தான்னு பவுல் எழுதியிருக்காருங்க ஐயா."

"எனக்காக நீங்க செபம் பண்ணுவீங்களா தம்பி?"

"தினமும் பண்றேங்க."

"அப்ப நீங்களும் நடுவுல வந்துட்டீங்கதானே?"

"நான் உசுரோட இருக்கேனே ஐயா. செத்தவங்களுக்கு ஒன்னுமே தெரியாதுன்னு பிரசங்கியில இருக்கு."

கிறிஸ்தோபர் தன் வேதாகமத்தில் மக்கபேயர் நூலைத் திறந்தார். எரேமியா தீர்க்கதரிசி செத்து எத்தனையோ காலத்துக்குப் பிறகும் தன் சனத்துக்காகச் செபித்துக்கொண்டிருக்கிறார் என்று அதில் இருக்கிறது. பிரதீஷ் தன் வேதாகமத்தை முன்னும் பின்னும் புரட்டினான். "எங்க வேதத்துல இந்தப் புத்தகமே இல்லிங்களே."

"இருக்காது. தெரியும்." அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. சத்தியமாக அந்த நேரத்தில் அவர் மகள் செத்த தகப்பனாக இல்லை, வழக்காடுகிறவராகத்தான் இருந்தார். "இருக்கிற புத்தகத்துக்கே வாங்க. கடைசிப் புத்தகம், அஞ்சாம் அதிகாரம். நீங்களே சத்தமா வாசிங்க."

பிரதீஷ் வாசித்தான். பரலோகத்தில் மூப்பர்மார் பொற்கலசங்களை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். கலசம் நிறையத் தூபம். அந்தத் தூபம் பரிசுத்தவான்களின், அதாவது விசுவாசிகளின், ஜெபங்கள்.

"பூமியில சொன்ன செபம் அவங்க கையில எப்படி வந்திச்சு தம்பி? கேக்காமலா ஏந்திக்கிட்டு நிக்கிறாங்க?"

பிரதீஷ் அதே வசனத்தை மறுபடியும் விரல் வைத்து வாசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "எனக்கு இப்ப பதில் தெரியலிங்க ஐயா. படிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போனான்.

உபதேசியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பல வாரங்களுக்குப் பிறகு ஒரு வாய் பிளேன்டித் தேநீர் கேட்டுக் குடிக்க வேண்டும்போல இருந்தது. திரும்பிப் பார்த்தார். சவரியம்மா பாயில் திறந்து கிடந்த அவருடைய வேதாகமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கேட்டிருக்கு" என்றாள்.

"கேட்கும்டி. அதத்தானே நான் இத்தன நாளா..."

"அவ போர்வை எடுக்கப் போனதுலேருந்து மல சரியிற சத்தம் வர்ற வரைக்கும் நான் வாய மூடலிங்க. அந்தோனியாரே, எம்புள்ளயப் பாத்துக்க, எம்புள்ளயப் பாத்துக்கன்னு. தப்பான கதவத் தட்டிட்டேன், உள்ள ஆளே இல்லன்னு அந்தத் தம்பி சொன்னிச்சு. அதுல மனசு ஆறிச்சு. தப்பு என் மேலன்னா நான் தாங்கிக்குவேன். இப்ப பாத்தா, உள்ள ஆளு இருந்திருக்கு. கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. கையிலயும் ஏந்திக்கிட்டு இருந்திருக்கு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. எத்தனையோ சாவு வீடுகளில் "தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர் அதையே இப்போது சொல்ல வாயைத் திறந்தார். அந்த வார்த்தையை யார் யாருக்கெல்லாம் சொல்லியிருந்தாரோ, அத்தனை பேர் முகமும் வரிசையாக வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

சவரியம்மாவின் தூக்கம் மறுபடியும் போயிற்று. சபைக்கும் போகவில்லை, கோவிலுக்கும் போகவில்லை. போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது. கிறிஸ்தோபர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் ரத்தோட்டைக்கு இறங்கிப் போய்ப் பிரதீஷின் வாசலில் நின்றார். குழாயடியில் யார் என்ன சொல்வார்கள் என்ற கவலை அவருக்கு அற்றுப்போயிருந்தது.

"தம்பி, வந்து என்னத் தோக்கடிங்க" என்றார்.

பிரதீஷுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க காட்டின வசனத்த நான் வீட்டுல வந்தும் படிச்சேங்க. எனக்கே இப்ப..."

"உங்களுக்கு என்னவும் இருக்கட்டும். அவ தூங்கணும். முன்ன சொன்னதையே வந்து சொல்லுங்க. நான் எதிர்த்துப் பேசமாட்டேன்."

மறுநாள் பின்னேரம் அவன் வந்தான். அதே பாய். செத்தவர்கள் தூங்குகிறார்கள் என்றான். கலசம் ஏந்தியவர்கள் கலசத்தை மட்டும்தான் ஏந்தினார்கள், அதற்குள் இருந்தது அவர்களுக்குக் கேட்டது என்று எங்கேயும் எழுதியில்லை என்றான். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற பிள்ளைபோலப் பேசினான்.

கிறிஸ்தோபர் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "சரிதான் தம்பி. நான்தான் தப்பா விளங்கிக்கிட்டேன். புனிதர்மாருக்கு ஒன்னும் கேக்காது" என்றார். அதைச் சொன்னபோது மண்மேட்டில் தான் பேசிய அத்தனை பேச்சும் அந்த இடத்திலேயே செத்துப்போனதை அவர் உணர்ந்தார். ஆனாலும் சொன்னார். மகளைக் கொடுத்தாயிற்று, மிச்சம் இருந்ததையும் பெண்சாதிக்காகக் கொடுத்துவிடலாம் என்றுதான் சொன்னார்.

சவரியம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"இவருக்குத் தோத்துப் பழக்கமில்லிங்க தம்பி. அதான் நடிக்கத் தெரியல" என்றாள் பிரதீஷிடம். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "போதுங்க. அன்னைக்கு நீங்க காட்டினதுதான் உண்மை. அது உங்க ரெண்டு பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"சவரி, ஒரு தரம் செபமால மட்டும் சொல்லுவம். மதுவுக்காக" என்றார் கிறிஸ்தோபர். கெஞ்சுகிற குரல்.

"புனிதர்மாரு கேக்காதவங்கன்னா பைத்தியக்காரி மாதிரியாவது பேசிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள் சவரியம்மா. "அவங்களுக்குக் கேக்கும். அதனாலதான் எனக்கு அவங்களோட இனிமே பேச்சு இல்ல."