தழும்பில்லாத முழங்கால்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து வெக்ஸ்ஃபீல்டில் லீடியா பெக்வித் பதினொரு வயதிலிருந்து தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்துகொண்டிருந்தாள். ஊரில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பேசுவதற்கு அவரவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். படகுப் போட்டி அணியில் எடை போதாது என்று அவளைக் கழித்துவிட்டார்கள். மற்றபடி எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண். பள்ளிப் படிகளில் கால் படாமல் சறுக்கி இறங்கும்போது மட்டும் வாய்விட்டுச் சிரிப்பாள். அவளுக்கென்று இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

பதினேழு வயதானதும் தாய் மெரிடித் அவளைப் போர்ஷியா லாங்ஸ்டனிடம் அழைத்துப் போனாள். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு எப்படிப்பட்ட பிள்ளைகள் பிடிக்கும் என்று சொல்வது போர்ஷியாவின் தொழில். அப்படியொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தில் பதினொரு மாதம் வேலை பார்த்தவள். போப்பாண்டவரோடு ஒரே வீட்டில் குடியிருந்துவிட்டு வந்தவளைப் போல ஊர் அவளை நடத்தியது.

"மார்க் எல்லாருந்தான் வாங்குறாங்க மெரிடித். வேற என்ன இருக்கு?"

"மிதக்குறா."

"அதான் பாக்குறேனே. கலிஃபோர்னியாவுல இந்த வருஷம் மட்டும் மூணு பேர் மிதக்குறாங்க. அதனால ஊருக்கு என்ன பிரயோஜனம்? சங்கம் கிங்கம் ஆரம்பிச்சாளா?"

"வசதியில்லாத பிள்ளைங்களுக்கு மிதக்கக் கத்துக்கொடுக்குற சங்கம் ஒண்ணு நடத்துறா."

"யாராவது மிதந்தாங்களா?"

"இன்னும் இல்ல. ஆனா லோகோ ரொம்ப நல்லா வந்திருக்கு."

"அது போதும்" என்ற போர்ஷியா, லீடியாவின் முழங்கால்களை விளக்கு வெளிச்சத்தில் கத்தரிக்காய் வாங்குபவளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு தழும்புகூட இல்லையே! அடிபடாத பொண்ணு விண்ணப்பக் கட்டுரையில என்னத்த எழுதுவா? போன வருஷம் ஒருத்தன் குதிரையிலேர்ந்து விழுந்து எலும்ப ஒடிச்சிக்கிட்டான். அத அறுநூத்தம்பது வார்த்தையில எழுதுனான், அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. நவம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள இவளுக்கும் எதாவது ஆகணும்."

தந்தை கிரான்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, முக்குளிப்பவர்கள் கட்டிக்கொள்ளும் ஈயத் துண்டுகளை மகளுடைய கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்தார். அந்தப் பெண்ணுக்காக அவர் ஒரு நாள் முழுவதையும் செலவிட்டது அதுவே முதல் தடவை. செப்டம்பரில் லீடியாவின் கால் தரையைத் தொட்டது. அக்டோபரில் அதே பள்ளிப் படிகளில் உருண்டு முழங்கால் கிழிந்தது. ஏழு தையல். மருத்துவமனையில் மெரிடித் ஆனந்தக் கண்ணீர் விட்டாள். மருத்துவரை நகரச் சொல்லிவிட்டுப் படம் எடுத்தாள்.

"அம்மா, கோட்டக் கழட்டட்டுமா?"

"நேர்காணல் முடியட்டும் செல்லம். நீ நொண்டுறத அவங்க கண்ணால பாக்கணும்."

டிசம்பர் நடுவில் இடம் கிடைத்ததாகப் பதில் வந்தது. லீடியா சமையலறை நடுவில் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றாள். அடுப்பில் இருந்த கோழி வேகும்வரை நின்றாள்.

"கால் எழும்ப மாட்டேங்குதும்மா."

"விடு. விடுதியில கூரை ரொம்பத் தாழ்வாம்" என்றாள் மெரிடித். கிரான்ட் ஷாம்பெயின் உடைத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் புதிய மாணவர்கள் பன்னிரண்டு பேரை விடுதி முன்னால் புல்தரையில் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு வரி தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள்.

"நான் லீடியா. முன்னாடி மிதப்பேன்."

"நான் கூப்பிட்டா மீனெல்லாம் கரைக்கு வரும். இப்ப வர்றதில்ல" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"என் ரூம்ல மட்டும் பனி பெய்யும். போன வருஷத்தோட நின்னுடுச்சு" என்றாள் அடுத்தவள்.

வட்டம் முழுக்க அப்படியே சுற்றி வந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடைசி ஆள் மட்டும் சாப்பாட்டுக்கூடம் எப்போது திறக்கும் என்று கேட்டான். ஆறு மணிக்கு என்றார்கள். எல்லோரும் எழுந்து, புல்லை மிதித்துக்கொண்டு போனார்கள்.