முந்தானையில் ஒரு பன்றிக்கால்

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. இன்னும் எட்டே நிமிடம்.

ஜிபினின் கையில் ஊசி. எதிரே, ஸ்டீல் தட்டில் கீறி வைத்த பன்றிக்கால். தையல் ஆறு. ஒரு முடிச்சும் நழுவாவிட்டால், நாளைக் காலை ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நிஜ நோயாளியின் வயிற்றை அவன் மூடலாம். நழுவினால் மூன்றாவது முறையாக ஃபெயில்.

பன்றிக்காலை வாங்கியபோதே திருச்சூர் கறிக்கடை ஔசேப்பு சேட்டன் கேட்டிருந்தார்: "வாராவாரம் காலா வாங்கறீங்களே டாக்டரே, ஒட்டித் தச்சு முழுப் பன்னி ஆக்கப் போறீங்களா?"

பக்கத்து மேஜையில் ஷிஃபானா. அவள் பன்றியைத் தொட மாட்டாள். ரப்பர் தோலில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எடா, மூச்சு விடு. பன்னிதான் செத்துப் போச்சு, நீயும் போயிடாத."

அவள் தையலைக் குனிந்து பார்த்தார் புரொஃபசர் ரோசம்மா. அவருடைய ஓணப் புடவையின் முந்தானை, பின்னால் இருந்த ஜிபினின் தட்டில் சரிந்தது. சந்தன வெள்ளைப் புடவை. வெந்நீரில் சுரண்டிய பன்றித்தோலும் அதே நிறம். ஜிபின் கண்ணுக்குக் காயத்தின் விளிம்பு மட்டுமே தெரிந்தது. ஐந்தாவது தையல். ஆறாவது. இறுக்கினான்.

"டைம் அப்!"

மேடம் விறுவிறுவென்று கரும்பலகையை நோக்கி நடந்தார்.

தொப்!

பன்றிக்கால் மேஜையிலிருந்து குதித்தது. அவர் பின்னாலேயே ஊஞ்சலாடிக்கொண்டு போனது.

"யாரது என்னை இழுக்கறது?"

"பன்னி, மேடம்," என்றான் ஜிபின்.

ரோசம்மா முந்தானையைத் தூக்கினார். கால் தொங்கியது. உதறினார். விழவில்லை. இன்னும் பலமாக உதறினார். ம்ஹூம்.

"என் மாமியார் எடுத்துக் கொடுத்த புடவை இது. அவங்ககிட்ட என்ன சொல்ல?"

"பார்டர் வொர்க்னு சொல்லிடலாம் மேடம்," என்றாள் ஷிஃபானா.

"நீ சும்மா இரு. ஜிபின், முடிச்சு பாஸ். கண்ணு ஃபெயில். இப்ப இதைப் பிரி. துணியில ஒரு இழை அறுந்தாலும் நாளைக்கு உனக்கு வயிறு கிடையாது."

ஜிபின் மண்டியிட்டான். முடிச்சைத் தூக்கிப் பிடித்து, அடியில் கத்திரியை நுழைத்தான். நறுக். இழுத்தான். நறுக். இழுத்தான். கால் தட்டில் விழுந்தது.

ரோசம்மா முந்தானையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான்கு ஊசித்துளை. கிழிசல் இல்லை.

"ஏழரைக்குத் தியேட்டருக்கு வந்துடு மோனே."

"தேங்க்யூ மேடம்!"

"பயப்படாம வா. அங்க நான் புடவையில நிக்க மாட்டேன்."