ரோஜா நிற டப்பா

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் நன்றாகவே பிழைத்தேன். புகையிலைக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. பெண்கள் கடையில் நின்று புகையிலை கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது வழி சொன்னவன் இந்தப் புண்ணியவான்தான். சோப்பு சீப்பு விற்கும் கடையில் வையுங்கள். ரோஜா நிறத்தில் டப்பா, புதினா வாசனை, உள்ளே புகையிலையும் பாக்கும் பொடித்துக் கட்டிய குட்டிப் பொட்டலங்கள். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் துப்பவும் வேண்டாம். அழுகிய வாயின் படத்தைச் சட்டப்படி போட்டே ஆகவேண்டுமாம். போடுங்கள், டப்பாவின் அடியில் போடுங்கள் என்றேன். அடியை யார் பார்க்கிறார்கள்?

ருசி பார்க்க ஆள் வேண்டுமே. அது வீட்டிலேயே இருந்தது. என் மனைவி தையல் ஆலையில் காலர் தைப்பவள்.

"எரியுதுங்க" என்றாள் முதல் நாள்.

"கொஞ்சம் பொறு, பழகிடும்."

பழகிவிட்டது. பசி தெரியவில்லை, மதியத்தில் தூக்கம் வரவில்லை என்றாள். அதை அப்படியே மேலாளரிடம் சொன்னேன். விளம்பர அட்டையில் ஏற்றிவிட்டார். மெஷினை விட்டு எழுந்தாலே திட்டு வாங்கும் முப்பது பெண்கள் அவள் வரிசையில். சும்மா விடுவேனா? இலவச டப்பாக்களோடு ஆலை வாசலுக்கே போய், "ஈறுக்கு நல்லதும்மா, வாய் இறுக்கமா இருந்தா இளக்கிவிடும்" என்று அளந்தேன். அடியிலிருந்த படத்தைக் கேட்டவர்களிடம், அது சட்டத்துக்காகப் போடுவது என்று தள்ளிவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்வி. எனக்குக் கம்பெனியே இலவசமாகக் கொடுத்தது.

மூன்று வருடம் கழித்து, சோற்று உருண்டை வாய்க்குள் போகவில்லை என்று அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"மூணு விரலைச் சேர்த்து வாய்க்குள்ள விடுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. ஒரு விரல்தான் போயிற்று.

"உள்ள சதை நாராட்டம் இறுகிப்போச்சு. வெள்ளைத் திட்டும் இருக்கு, கேன்சரான்னு சதை எடுத்துச் சோதிக்கணும். இன்னியோட நிறுத்திடுங்க. இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

நிறுத்தினாள். நாலு நாள் கை நடுங்கியது, தட்டை என் மேலேயே எறிந்தாள். எறியட்டும், எனக்கு வேண்டியதுதான். நாலாம் நாள் சாயங்காலம் சொன்னாள்: "என் வரிசையில முப்பது பேரும் போடுறாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்கதானே பழக்கிவிட்டீங்க? நாளைக்கு நீங்களே வந்து சொல்லுங்க."

வேலை போனால் போகட்டும் என்று மறுநாள் மதியம் போனேன். காலங்கடந்த வீரம். பெண்கள் வாசலில் சூழ்ந்துகொண்டார்கள். பட்டன் தைப்பவள், ஓயாமல் பேசுவதால் எல்லோருக்கும் 'ரேடியோ', முன்னால் வந்து கேட்டாள்: "அண்ணே, புது வாசனை ஏதாச்சும் வந்திருக்கா?"

"இது விஷம்மா. வாயை அரிச்சுடும். தூக்கிப் போடுங்க."

கொல்லென்று சிரித்தார்கள். "போட்டிக் கம்பெனிக்குத் தாவிட்டீங்களா?" என்றாள் ரேடியோ.

டப்பாவைக் கவிழ்த்துப் படத்தைக் காட்டினேன்.

"அது சட்டத்துக்காகப் போடுறதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். என் வாய் எனக்கே எதிர்ச்சாட்சி சொன்னது.

என் மனைவி முன்னால் வந்தாள். உள்ளே இருப்பதைக் காட்ட வாயைத் திறந்தாள், இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாய் திறக்கவில்லை. வெள்ளைத் திட்டு எதுவும் யார் கண்ணிலும் படவில்லை.

ரேடியோ பதறிப்போனாள். "ஐயோ அக்கா, அஞ்சு நாளா போடாம இருக்கீங்கல்ல, அதான் இப்படி இறுகிடுச்சு. அண்ணன் அன்னிக்கே சொன்னாரே, இளக்கிவிடும்னு. இந்தாங்க."

அன்பாகத்தான் நீட்டினாள். நான், "வேணாம்மா" என்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மனைவி அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கி, பல்லிடுக்கு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டாள்.