திரட்டுப்பால் சென்ற வழி

மேலைமலை முகடுகளில் முகில்கள் மேயச் சென்ற களிறுகளெனத் தங்கிவிட, திருக்கோயில் கோபுரத்தின் நெடுநிழல் மாடவீதியைக் கடந்து நீள, துளசியும் மழைமண்ணும் கலந்து மணந்த ஆவணித் திருவோணத்து மாலையில், திருவில்லிபுத்தூர் முழுதும் விளக்கேற்றி முகமலர்ந்திருந்தது. நம்பியின் மனையொன்றே மங்கியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டான அவ்வாண்டின் ஆனித் திங்களில் அவர் மனைவி கோதைநாயகி கண்மூடியிருந்தாள்.

கணவன் முகக்குறிப்பறிந்து உப்பிட்டவளாய், மகன் உப்பிலிக்குக் காய்ச்சலென்றால் தான் உண்ண மறந்தவளாய், பேத்திக்குத் தலைபின்னும் பொழுதே பாசுரமும் புகட்டியவளாய் வாழ்ந்த அவளை எண்ணியுருக வேண்டிய நெஞ்சில், நெல்லுக்குள் அந்து புகுந்தாற்போல் ஓர் ஐயம் புகுந்து குடைந்தது. ஆண்டுதோறும் மகன் பிறந்த திருவோணத்தன்று பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பால் செய்து, தன் பெயர் வெட்டிய தூக்கில் நிறைத்து, இராசபாளையத்துத் தங்கைக்கென்று பேருந்தேறுவது அவள் வழக்கம். பதின்மூன்றாம் நாள் அத்தங்கை வஞ்சுளவல்லியிடம் நம்பி, "இனி உனக்கு யார் திரட்டுப்பால் கொண்டுவருவா?" என்று கண்கலங்கினார்.

அவளோ விழித்தாள். "எனக்கா, அத்திம்பேர்? சக்கரை வியாதிக்காரிக்குத் திரட்டுப்பால் கொடுத்துக் கொல்லணும்னு அக்காவுக்கு வேண்டுதலா என்ன? அன்னிக்கு அவ எங்காத்துப் பக்கம் வந்ததே இல்லையே."

அன்றுதொட்டு அவர் துயில் துறந்தார். அடுக்களையில் துழாவினார்; அந்தத் தூக்கைக் காணவில்லை. திரும்பிவரும் நாளில் அவள் சேலையில் கமழ்ந்த அத்தர் மணமும், "பேருந்தில் நெரிசல்" என்று அவள் முகந்திருப்பிச் சொன்னதும் இப்போது வேறு பொருள் காட்டின. யாரைக் காணச் சென்றாள்? படத்துக்குப் பூச்சூட்டும் கையும் தளர்ந்தது.

அத்திருவோண மாலையில் முக்காடிட்ட முதியவள் ஒருத்தி, அதே தூக்கை ஏந்தி வாயிலில் நின்றாள்.

"யாரம்மா நீ? எங்காத்துத் தூக்கு உன்கிட்ட எப்படி வந்தது?"

"ராசபாளையத்துல இருந்து வாரேன், சாமி. பேரு ஹாஜரா. போன வருசம் அக்கா விட்டுட்டுப் போனாவ. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பாத்தேன், வரலை. மனசு கேக்காம, தூக்குல வெட்டுன பேரைக் காட்டி விசாரிச்சுக்கிட்டே..." என்றவள், உள்ளே மாலையிட்ட படத்தைக் கண்டு நிலைக்கதவைப் பற்றிக்கொண்டாள்.

"அவ எதுக்கு உன்னைத் தேடி வரணும்?" நம்பியின் குரலில் இரக்கமில்லை.

"பிரசவத்துக்கு ராசபாளையத்து ஆசுபத்திரிக்கு வந்த எடத்துல அக்காளுக்குச் சன்னி கண்டு பாலு வத்திப்போச்சு. புள்ள வீறிட்டுது. பக்கத்துக் கட்டில்ல நான். ஒரு பக்கம் எம்மவ, ஒரு பக்கம் உங்க மவன். பால் கொடுத்தவளும் எங்க மார்க்கத்துல தாய்தான், சாமி. 'அவிய ஆசாரம் பாக்குறவிய, தெரிஞ்சா புள்ளயத் தூக்க மாட்டாவ'ன்னு அக்கா பயந்தாவ."

வேற்றார் நிழல் பட்ட முற்றத்தை நீர்தெளித்துக் கடந்த தம் இளமை நம்பியின் கண்முன் எழுந்தது. தூக்கை வாங்கித் திறந்தார். வெறுங்கலம் திருப்பலாகாதென்று அவள் இட்டிருந்த பேரீச்சம்பழங்களுள் ஒன்றைப் படத்தின்முன் வைத்தார். பின்னர் அதனையே எடுத்துத் தம் வாயிலிட்டார்.

"உப்பிலி, இங்க வா. சேவிச்சுக்கோ. உனக்குத் தாயார் இன்னும் ஒருத்தி இருக்கா."

கற்றறிந்தீர், மனைவியைக் கணவன் ஐயுற்றது சின்னாளே. பிள்ளையைத் தூக்க மாட்டானென்று கணவனை அவள் ஐயுற்றதோ இல்லறத்தின் நெடுமை முழுதும். அவர் ஐயம் பொய்த்தது. அவள் ஐயம் ஒருகாலத்தில் மெய்யாய் இருந்ததென்பதை அவளிடம் ஒப்புதற்கு, அவள்தான் இல்லை.