முள் நகர்ந்த எல்லை

சின்னையன் சாரங்கபாணி ஐயங்காருக்குத் தர வேண்டியது நாற்பத்து மூன்று ரூபாய் எட்டணா. மனைவி செங்கம்மாளின் பிரசவத்துக்கு வாங்கியது. மகாபலிபுரம் போகிற வழியில், அவனுடைய துண்டு நிலத்துக்கும் ஐயங்காரின் தோப்புக்கும் நடுவே நின்ற சவுக்கு மரங்கள் யாருடையவை என்பதில்தான் கடன் தொங்கிக்கொண்டிருந்தது. மரம் அவனுடையதென்றால் ஐயங்கார் வெட்டிக்கொண்டு கடனைக் கழித்துவிடுவார். இல்லையென்றால் நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

செங்கல்பட்டிலிருந்து வந்த சர்வேயர் ஜானகிராமன் எல்லைக் கல்லின் மேல் முக்காலியை நிறுத்தித் திசைகாட்டியை வைத்தார். பத்திரத்தில் கண்ட திசையில் கோடு பிடிக்க வேண்டும்.

"கடப்பாரை, மண்வெட்டியெல்லாம் தூரப் போடுங்கப்பா."

சின்னையன் போட்டுவிட்டு வந்து அவருக்கு ஓலைக்குடை பிடித்தான். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. முக்காலியை ஒட்டி நின்று முள்ளை எட்டி எட்டிப் பார்த்தான்.

கோடு மரங்களைத் தோப்போடு சேர்த்துக்கொண்டு போயிற்று.

"பாத்தியாடா? யார் பொய் சொல்றான்னு முள்ளுக்கே தெரியறது" என்றார் ஐயங்கார்.

"இன்னொரு தபா பாருங்க சார்!" சின்னையன் தாங்க மாட்டாமல் மரங்கள் பக்கம் ஓடினான். அவன் விலகியதும் முள் நகர்ந்தது. ஜானகிராமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"டேய், கிட்ட வா."

வந்தான். முள் திரும்பிற்று. போகச் சொன்னார். பழையபடி நின்றது.

"என்ன ஓய், இவனைக் கண்டா அதுக்கு பயமா?" ஐயங்கார் சிரித்தார்.

"முள் பொய் சொல்லாது ஓய். கிட்ட வந்து பாக்கறவனையும் சேத்துத்தான் சொல்லும். வடக்கு எதுன்னு தெரியணும்னா, பாக்கறவன் என்ன கொண்டுவந்தான்னு மொதல்ல தெரியணும்." ஜானகிராமன் சின்னையன் பக்கம் திரும்பினார். "மடியில என்னடா?"

"ஒண்ணுமில்ல சார்."

மனதறிந்த பொய்யில்லை. பிள்ளை பெற்ற வீட்டு ஆண்பிள்ளையின் பின்னால் தோப்பிலிருந்து பேய் பிசாசு எதுவும் ஒட்டிக்கொண்டு வரக் கூடாதென்று மாமியார் செருகிவிட்ட அரிவாள் துண்டு. காவல் என்றே நினைத்திருந்தான், இரும்பென்று நினைக்கவில்லை. இப்போது கை தானாக மடிக்குப் போயிற்று.

"இது காப்பு சார். வூட்ல பச்சப் புள்ள கீது. எடுத்தா இன்னா ஆவுமோ..."

"எடுக்காட்டா நிலம் போயிடும்டா."

எடுத்தான். கடப்பாரை கிடந்த இடத்தில் வைத்துவிட்டு, வீடு இருந்த திக்கையே பார்த்து நின்றான். காற்றில் தோப்பு இரைந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்தான். ஜானகிராமன் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் பார்த்தார். இரண்டு முனையிலும் முள் ஒரே கோட்டைக் காட்டிற்று.

"மரம் இவனோடதுதான்" என்று நிமிர்ந்தபோது சின்னையன் அங்கே இல்லை. மணல் மேட்டில் ஏறி வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான்.

"டேய் சின்னையா! மரத்தை நான் வெட்டிக்கறேன். உன் கடன் தீந்துதுடா!" என்று ஐயங்கார் கத்தினார்.

அவன் திரும்பவில்லை.