ஷிரிமா வீட்டுக் கிளை

கிவேலுவின் வாழைத்தோட்டத்தில் உச்சிவெயில் நேரமும் அந்தி மாதிரிதான் இருக்கும். பக்கத்துத் தோட்டத்து ஷிரிமாவின் ருக்கா என்ற பெருமரத்துக் கிளை ஒன்று, வேலியைத் தாண்டி, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல இவர் பக்கம் கால் நீட்டிப் படுத்திருந்தது.

கிளிமஞ்சாரோச் சரிவில் எல்லார் வீட்டுத் தோட்டமும் காடுதான். மேலே பெருமரம், அதன் கீழே வாழை, வாழைக்குக் கீழே காப்பி, காலடியில் சேம்பு. இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. ஷிரிமா பேசினார். வேன் வேனாக வருகிற சுற்றுலாக்காரர்களை நிறுத்தி வைத்து, கையை உயரத் தூக்கி, "காடுதான் என் வாத்தியார்" என்று ஆரம்பிப்பார். கை தூக்கும் திசையில் அந்தக் கிளை இருந்தாக வேண்டும். அதனால் வெட்ட மாட்டார்.

கிவேலுவின் கவலையெல்லாம் ஒரே ஒரு தார். மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள். பிள்ளை பெற்றவளுக்கு வாழைக்காயும் இறைச்சியும் குழைய வேகவைத்த ம்டோரி கொடுக்க வேண்டும். அதுவும் சொந்தத் தோட்டத்துக் காயில். சந்தையில் வாங்கினால், தோட்டம் எதற்கு இருக்கிறது என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். தார் என்னவோ தள்ளிவிட்டது. காய்கள்தான் வெயில் காணாமல் குழந்தையின் விரல் போலவே நின்றன.

கிளையை வெட்டச் சொல்லிப் போய்க் கேட்டார். ஷிரிமா சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் மசாலே இலையோடு வந்து நின்றார். வேலியில் வளரும் அந்த நீள இலையை முடிச்சுப் போட்டு நீட்டிவிட்டால் இந்த மலையில் மறுபேச்சு கிடையாது. மன்னித்தே ஆக வேண்டும். கிவேலு மன்னித்தார். கிளை அப்படியே இருந்தது. அடுத்த முறை போய்க் கத்தினார். மறுபடியும் இலை, மறுபடியும் மன்னிப்பு.

"அந்த ஆளுக்கு வேலி பூரா இலை இருக்கு" என்றாள் மனைவி மன்கா. "உங்களுக்குத்தான் மன்னிச்சு மன்னிச்சே உடம்பு இளைக்குது."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. கிவேலுவுக்கும் வேலி இருக்கிறதே! ஓர் இலையைப் பறித்து முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். முதலில் வெட்டுவது, பிறகு நீட்டுவது. ஞாயிற்றுக்கிழமை ஷிரிமா தேவாலயத்துக்குப் போனதும் அரிவாளோடு மரம் ஏறினார். கிளையைக் கயிறு கட்டி இறக்கச் சொல்லிக் கீழேயிருந்து மன்கா கெஞ்சினாள். கோபத்தில் இருக்கிறவர் கயிறு தேடப் போவாரா?

கிளை முறிந்தது. தார் தள்ளிய வாழையைக் குறிபார்த்த மாதிரி அதன்மேலேயே விழுந்தது.

ஷிரிமா தேவாலயத்திலிருந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வேலியோரம் வந்தார். நசுங்கிய தாரைப் பார்த்தார். மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த கிவேலுவைப் பார்த்தார். கிவேலு இறங்கிப் பைக்குள் கைவிடுவதற்குள் அவர் இலையைப் பறித்து நீட்டிவிட்டார்.

"என் மரத்தால உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்ண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

கிவேலு வாங்கிக்கொண்டார். வேறு வழி?

அந்த வாரமே வேன் வந்தது. ஷிரிமா கையைத் தூக்கினார். கிளை இருந்த இடத்தில் வானம் இருந்தது. கொஞ்சமும் அசரவில்லை.

"காட்டுல கிளை தானா விழும், கீழ வெளிச்சம் வரும். நாங்களும் அதைத்தான் செய்றோம்."

'நாங்களும்' என்னும்போது கை பெருந்தன்மையாகக் கிவேலுவின் பக்கம் திரும்பியது. எல்லாரும் படம் எடுத்தார்கள். கிவேலு காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரங்கு சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.