மூன்றாவது பிரேக்

அந்தச் சின்ன வெள்ளைக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று, ஓட்டப் பழகுகிறவரின் காலடியில். இன்னொன்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பிரேக் அக்காவின் காலடியில். பத்தொன்பது வருடமாக அந்த டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு அதுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

சேருகிற எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார். "நான் முதல் தடவ பிரேக்குன்னு சொன்னா அது தகவல். ரெண்டாவது தடவ சொன்னா உத்தரவு. மூணாவதுக்கு என்ன வர வெச்சீங்கன்னா நானே மிதிச்சிடுவேன். அன்னிக்குப் பாடம் தேறலன்னு அர்த்தம்."

மூன்றாவது குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்தக் குரலும் அவருடைய வலது காலும் ஒன்றாகவே இறங்கும். அத்தனை வருடப் பழக்கம்.

செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஒருவன் நான்கு மாதம் முன்பு அவரிடம்தான் ஓட்டப் பழகினான். தன் தப்புகளைப் பிறகு பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, போனைக் கண்ணாடிக்குக் கீழே பொருத்திப் பதிவு செய்தான். லைசென்ஸும் வாங்கிவிட்டான். அதோடு நின்றிருந்தால் நமக்குக் கதை இல்லை. அவனுக்கு ராப் பைத்தியம். ஒரு நாள் எதிரே லாரி வந்தபோது அக்கா கத்திய மூன்று பிரேக்கையும் வெட்டியெடுத்துத் தாளத்தில் ஒட்டி, நடுவே தன் வரிகளைப் போட்டான்.

"கிளட்ச்ச விட்டா வண்டி நிக்குது,
கியர மாத்தினா கையி நடுங்குது,
பின்னால லாரி ஹாரன் அடிக்குது,
பக்கத்து சீட்டுல பேயி கத்துது!"

உடனே அக்காவின் குரல், "பிரேக்கு! பிரேக்கு! பிரேக்கு!"

இணையத்தில் ஏற்றியதும் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மூன்றே வாரத்தில் பதினெட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். கல்யாண மாப்பிள்ளைகள் அதற்கு ஆடி வீடியோ போட்டார்கள். அடுத்த வீட்டுப் பெண் காட்டியபோது அக்காவும் முதலில் சிரிக்கத்தான் செய்தார். பேய் என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

தெருவில்தான் வினை ஆரம்பித்தது. காரின் மேலிருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைப் பார்த்ததும் கடைவாசலில் நிற்பவர்கள் சேர்ந்து பாடினார்கள். அக்கா வாயைத் திறந்தால் கோரஸ் கிளம்பியது. அவர் மெல்ல மெல்லக் குரலைக் குறைத்தார். அப்புறம் மூன்றாவது பிரேக்கை விழுங்கவே ஆரம்பித்துவிட்டார். வாங்குகிற சம்பளத்துக்கு மரியாதையோடு உழைத்த மனுஷிக்கு, தன் குரலே கூச்சமாகிப் போவதைவிடக் கொடுமை உண்டா?

ஒரு காலை, ஓட்டப் பழகிக்கொண்டிருந்தது அந்தச் செல்போன் கடைக்காரனின் மனைவி. மருந்துக்கடைத் திருப்பத்தில் சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது.

"பிரேக்கு," என்றார் அக்கா.

அவளுக்குப் பாட்டு ஞாபகம் வந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பிரேக்கு!"

அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன. மருந்துக்கடை வாசலில் நான்கு பேர் நிற்பதை அக்கா பார்த்தார். மூன்றாவது குரலை விழுங்கினார். குரலோடு காலும் தயங்கியது, ஒரே ஒரு நொடி.

கார் சைக்கிளின் பின்சக்கரத்தில் இடித்துத்தான் நின்றது. சைக்கிளில் வந்த தபால்காரர் விழுந்து முழங்கை கிழிந்தது. ஐந்து தையல். எலும்புக்கு ஒன்றுமில்லை, நல்ல காலம்.

அன்று சாயங்காலமே முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "நாளையிலேர்ந்து ஆபீஸ்ல உக்காந்து ஃபார்ம் எழுதுங்க. வண்டியில வேணாம்."

வீட்டுக்கு வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கடைக்காரனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் மேடை நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைப்பு வந்த சந்தோஷத்தில் இருந்தான்.

"நீ சிரிச்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றான்.

"சிரிச்சது என் தப்பு. ஒத்துக்கறேன். தபால்காரர் கையப் பிடிச்சி மன்னிப்புக் கேட்டுட்டுதான் வரேன். ஆனா அவங்க வாய அடைச்சது யாருங்க? இடிச்ச அப்புறம் அவங்க என்னத் திட்டக்கூட இல்ல. மிதிக்காம விட்ட தன் காலயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க."



மறுநாள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனான். அக்கா ஃபாரத்தில் யாருடைய ரத்த வகையையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் கெட்ட எண்ணத்துல பண்ணல. உங்க குரல லட்சக்கணக்கான பேரு கேக்கறாங்க..."

"கேக்கட்டும் தம்பி. எனக்குப் பக்கத்து சீட்டுல இருக்கறவங்க கேட்டாப் போதும். இப்ப அவங்கதான் கேக்கறதில்ல." பேனாவை மூடினார். "கத்தறது எனக்கென்ன ஆசையா? அன்னிக்கு லாரி வந்தப்ப நான் கத்தலன்னா நீ இப்ப எங்க இருந்திருப்ப? அந்தக் கத்தலத்தான் நீ பேயின்னு பாடியிருக்க."

அவன் போனை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே பாட்டை நீக்கினான்.

"ஊர்ல இருக்கற போன்லேர்ந்தெல்லாம் எப்படிப்பா எடுப்ப?" என்று கேட்டார் அக்கா. கோபமில்லாமல்தான் கேட்டார். அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

மேடை நிகழ்ச்சிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். நேராக முதலாளியிடம் போய், தன்னால் நடந்தது இது என்று எல்லாவற்றையும் கொட்டினான். மனைவியும் கூட வந்து, கற்றால் அக்காவிடம்தான் கற்பேன், தப்பு என்னுடையது என்று பிடிவாதமாக நின்றாள். முதலாளி மோவாயைச் சொறிந்தார்.

"ஒரு வாரம் பாக்கறேன். இன்னொரு தடவ இடிச்சா, அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

திங்கட்கிழமை அதே வெள்ளைக் கார், ஓட்டுவது மனைவி, பக்கத்து சீட்டில் அக்கா. அவன் பின்சீட்டில். மருந்துக்கடைத் திருப்பம் நெருங்க, அக்கா உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்றவர்கள் பலகையைப் பார்த்துப் பாட்டை எடுத்தார்கள்.

எதிரே ஓர் ஆட்டோ திரும்பியது. "பிரேக்கு," என்றார் அக்கா, பாதிக் குரலில். அவன் மனைவி முதல் சொல்லுக்கே மிதித்தாள். வண்டி நின்றது.

அவன் கண்ணாடியை இறக்கிக் கழுத்தை வெளியே நீட்டினான்.

"அண்ணே, நிறுத்துங்க! அத எழுதினவன் நான்தான். இவங்களக் கேக்காம இவங்க குரல எடுத்தேன், அது திருட்டு. அத வெச்சி இவங்களயே கேலி பண்ணினேன், அது அதவிடப் பெரிய தப்பு. அடுத்தவங்க குரலயும் முகத்தயும் கேக்காம எடுத்துப் போட்டா, சிரிக்கறது நாம, அடிபடறது அவங்க. நீங்களாவது விட்டுடுங்கண்ணே."

வாசலில் பாட்டு நின்றது. ஒருவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அவன் மனைவி கியர் போட்டு நகர்த்தினாள். அவன் மட்டும் இன்னும் பேசி முடித்தபாடில்லை.

"பின்சீட்டு! தலைய உள்ள இழு! வண்டி ஓடுது!"

அக்காவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.